ராகு காலத்தில் எடுத்தது

ராகு காலம் முடியட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக்கலாம்னு சொல்லிப்போட்டு அண்ணன் குளிக்கப் போயாச்சு. மெக்கானிக் ஜபருல்லா பாய் கையைத் தொடச்சுக்கிட்டே, எங்களுக்கு அதெல்லாம் கெடையாதுங்க, நீங்க பார்க்கறதா இருந்தா பார்த்துக்குங்கன்னு முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போயிட்டார். ஷெட்டுல இப்ப நானும் காரும்தான். காருன்னா எங்கப்பா வாங்கின கறுப்பு ஆஸ்டின். அதோட சொந்த இஞ்சின் இன்னைக்கு மத்தியானம்தான் உள்ள எறங்குச்சு. இத்தனை வருஷமா அது என் தோட்டத்துக் கெணத்துமேட்டுல கெடந்தது. காரு இங்க பொள்ளாச்சில அண்ணன் வீட்டுல, வேற எவனோட டீசல் இஞ்சினையோ வயித்துல வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தது. இப்ப ரெண்டும் ஒண்ணு சேர்ந்தாச்சு. நான் பின்சீட்டுல எடது பக்கம் உக்காந்திருக்கேன். எங்க உக்கார்றதுன்னு யோசிக்கவே இல்லை, கதவைத் தொறந்ததும் ஒடம்பு அதுபாட்டுக்குப் பின்னால வந்து எடது பக்கம் ஒட்டிக்கிச்சு. சின்ன வயசுல எனக்குன்னு விட்ட எடம் இதுதான். முன்னால அப்பாவும் அண்ணனும். எனக்குத் தெரிஞ்ச பொள்ளாச்சி பூராவும் அண்ணனோட பொடனிக்கு அந்தப் பக்கம் தெரிஞ்ச பொள்ளாச்சிதான். என் சட்டைப் பையில, கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால, ரோட்டர் இருக்குது. இஞ்சினோட பக்கவாட்டுல ஒரு வட்ட மூடி இருக்கும், அதுக்குள்ள உக்காந்து சுத்தற சின்னக் கறுப்புத் துண்டு, கட்டைவிரல் அளவுகூட இருக்காது. அது இல்லைன்னா எந்தப் பிளக்குக்கும் கரண்டு போகாது, வண்டி செத்த பொணம். ராகு காலம் பொறந்ததும் எல்லாரும் அக்கட்டால போனாங்க, நான் மூடியைத் தொறந்து அதை எடுத்துட்டேன். ராகு காலத்துல நல்ல காரியம்தான் தொடங்கக் கூடாது. இதுக்கு நேரங்காலம் ஏது.

எதுக்கு எடுத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதும் பொய்தான். வயித்தெரிச்சல், வேற என்ன. காலைல இஞ்சினை மொதல்ல கீழ பலகை மேல வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க. ஒரே மூச்சுல புடிச்சுக்கிச்சு. என் கெணத்துமேட்டுல அது அப்படி எந்த நாளும் புடிச்சதில்லை. நான் கயித்தைச் சுத்தி இழுத்து, திட்டி, பெட்ரோல் ஊத்தி, மறுபடி இழுத்து, அப்புறம்தான் இருமிக்கிட்டே எந்திரிக்கும். இங்க வந்ததும் என்னமோ காத்துக்கிட்டிருந்த மாதிரி எந்திரிச்சுது பாருங்க, அங்கயே எனக்குப் பாதி உசிரு போச்சு. பாய் சொல்றார், பொறந்த வீட்டுக்கு வந்துருச்சுங்க, அதான். அண்ணன் இஞ்சின் மேல உள்ளங்கையை வெச்சு நின்னார். கண்ணு ரெண்டும் தளும்பி நிக்குது. எங்கம்மா செத்தப்போ அந்தக் கண்ணு அப்படித் தளும்பி நான் பார்க்கலை. அண்ணி, அண்ணனோட சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அவரையே பார்க்கறாங்க. அந்த இஞ்சினுக்கு எத்தனை தீபாவளிக்கு நான் எண்ணெய் மாத்தியிருப்பேன், மழைக்கு அது மேல தார்ப்பாய் போட்டுட்டு நான் நனைஞ்சிருப்பேன், என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. நானும் அந்தச் சுவத்துல சாஞ்சு நிக்கற டயரும் ஒண்ணு. இதுல கழுதை நானே என் கையாலதான் தூக்கிக் குடுத்தேன். அண்ணன் தோட்டத்துக்கு வந்தார், தண்ணி குடுத்தாளே என் வீட்டுக்காரி மரகதம், அதைக்கூட வாங்கிக் குடிக்காம நேரா கெணத்துமேட்டுக்குப் போனார், தார்ப்பாயை வெலக்கினார், முத்து, இதைக் குடுத்துர்றா, பழைய வண்டிக்காரங்க சங்கத்துல இருந்து இன்னும் மூணு நாள்ல பார்க்க வர்றாங்க, இஞ்சின் நம்பர் ஆர்.சி. புக்கோட ஒத்துப் போகணும்ங்கறாங்கன்னார். அண்ணன் எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டது என் ஆயுசுலயே அதுதான் மொதல் தடவை. அந்தச் சந்தோசத்துல, எடுத்துக்குங்கண்ணான்னு வாயில வந்துருச்சு. உடனே. யோசிக்காம. மரகதம் ராத்திரி படுத்துக்கிட்டுச் சொன்னா, ஏனுங்க, ரெண்டு தடவை கேக்கட்டும்னு இருந்திருக்கலாமல்ல. இருந்திருக்கலாம்தான்.

பையைத் தொட்டுப் பார்த்துக்கறேன். இருக்குது. இந்தத் துண்டுக்கு ஒரு கதை இருக்குது, இதுக்குன்னா இதுக்கு இல்லை, இதுக்கு முன்னால இருந்ததுக்கு. அப்பா பொழுதோட வண்டியை நிறுத்தினதும் பானெட்டைத் தொறந்து ரோட்டரைக் கழட்டிருவார். வேட்டித் தலைப்புல தொடைச்சு உள்ள எடுத்துட்டுப் போய்த் தலைகாணிக்கு அடியில வெச்சுப் படுத்துக்குவார். திருடன் வந்தாலும் வண்டி நகராது, மகனுங்க கள்ளத்தனமா எடுத்தாலும் நகராது. விடிஞ்சதும் கட்டல்ல உக்காந்த வாக்குல, குழந்தேன்னு கூப்பிடுவார். அண்ணன் பேரு குழந்தைவேல். அண்ணன் எந்திரிச்சுப் போய் ரெண்டு கையையும் நீட்டுவார், கோயில்ல துந்நூறு வாங்கற மாதிரி. அப்பா அதுல ரோட்டரை வெப்பார். அண்ணன் போய் மாட்டுவார். நான் போர்வைக்குள்ள ஒரு கண்ணை மட்டும் தொறந்து வெச்சுப் பார்த்துக்கிட்டிருப்பேன். அதோட பித்தளை முனை, கறுப்பு ஒடம்பு, ஒரு நாள் அப்பா கை தவறி சிமிட்டித் தரையில விழுந்து ஒரு ஓரம் சின்னதாச் செதறினது, எல்லாம் எனக்குத் தெரியும். தொட்டதில்லை. ஒரு தடவை அண்ணனுக்கு அம்மை போட்டிருந்தது. தனியா வேப்பெலையில படுக்க வெச்சிருந்தாங்க. சரி இன்னைக்கு நம்ம மொறைதான்னு நான் விடியறதுக்கு முன்னாலயே பல்லு வெளக்கி, மூஞ்சி கழுவி, தலை சீவி, கட்டல்கிட்டப் போய் ரெண்டு கையையும் நீட்டி நின்னேன். அப்பா எந்திரிச்சார். தலைகாணிக்கடியில கைய விட்டு எடுத்தார். என்னைத் தாண்டிப் போய் அவரே மாட்டிக்கிட்டார். திட்டலை, தள்ளலை, ஒண்ணும் பண்ணலை. நான் நின்னதே அவர் கண்ணுல படலைன்னு நெனைக்கிறேன். பட்டிருந்தா குடுத்திருப்பாரா. இதை நான் மரகதத்துக்கிட்டக்கூடச் சொன்னதில்லை. சொன்னா, இதையா இத்தனை வருஷம் மனசுல வெச்சிருக்கீங்கம்பா. வெச்சுத்தான் இருக்கேன். வேற என்னத்த வெச்சுக்கறது.

வெளிய கேட்டு ஓசை. பாயா. இல்லை, பால்காரன். போயிட்டான். இப்பவே எறங்கி மாட்டிப்போடலாம், யாருக்கும் தெரியாது. மாட்டலைன்னா என்ன ஆகும். அண்ணன் குளிச்சுப் பட்டைபோட்டு வருவார், சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெப்பாங்க, பிள்ளையார் கோயில் வரைக்கும் மொத ஓட்டம். சாவியத் திருப்புவார். கர்ருன்னு சுத்தும், புடிக்காது. மறுபடி. அண்ணன் மூஞ்சி சுருங்கும். சம்பந்தி, என்னங்க இப்படி ஆயிருச்சும்பார். பாய் பானெட்டைத் தொறப்பார். பாய் மூடியைத் தொறக்க எவ்வளவு நேரம் ஆகும். அப்புறம், ஷெட்டுல யாரு இருந்தான்னு ஒரு கேள்வி வரும், எல்லா மூஞ்சியும் இந்தப் பக்கம் திரும்பும். அப்பத்தான் நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியும். அசிங்கம்தான். ஆனாலும் அந்தக் கர்ர் சத்தம் கேக்கணும்னு ஆசையா இருக்குது. புடிக்காம சுத்தற சத்தம். ஒரே ஒரு தடவை அவர் கைக்கு அது எந்திரிக்கக் கூடாது. என் கைக்கு எத்தனை நாள் எந்திரிக்காமக் கெடந்தது.

இந்தக் காரு ரெண்டா ஆனதுக்கும் நான்தான் காரணம்னு ஊருல பேசுவாங்க. நான் மட்டும் காரணமா. பாகம் பிரிச்சப்போ எல்லாம் சரியாத்தான் போச்சு, தென்னந்தோப்பு இப்படி, வீடு அப்படி, அம்மாவோட நகை மருமகளுங்களுக்குச் சமமா. காருக்கு வந்ததும் எங்க மாமா, அம்மாவோட தம்பி, அவர்தான் நடுவுல உக்காந்திருந்தார், மூத்தவன் ஓட்டிப் பழகினவன், அவனே வெச்சுக்கட்டும்னார். அப்பா ஆமாங்கலை, இல்லைங்கலை. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, அதுலயும் பாதி எனக்கு வேணும்னுட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துருச்சு, ஏண்டா நாச்சிமுத்து, காரை என்ன பூசணிக்காயா, ரெண்டா அறுத்துக் குடுக்கச் சொல்றியான்னார். அறுக்க வேண்டாமுங்க மாமா, இஞ்சினை எறக்கி எனக்குக் குடுங்க, கூடு அண்ணனுக்கே இருக்கட்டும்னேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். யாராச்சும் சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். ஒருத்தரும் சிரிக்கலை. அண்ணன் எந்திரிச்சு, சரி, எறக்கிக் குடுத்துருங்கன்னுட்டார். கட்டல்ல இருந்த அப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். அப்படி ஆச்சு. மக்யா நாளு விடிஞ்சதுமே ஆளைக் கூட்டியாந்து இஞ்சினை எறக்கி, மாட்டுவண்டில வைக்கோல் பரப்பி ஏத்தி அனுப்பினாங்க. ஊரே வேலியோரம் நின்னு வேடிக்கை பார்த்துச்சு. தோட்டத்துல எறக்கி, பம்ப்போட சேர்த்து, ஓட்டிப் பார்க்கலாம்னு மூடியைத் தொறந்தா ரோட்டர் இல்லை. வைக்கோல்ல விழுந்திருக்கும்னு ஒரு பிடி விடாம ஒதறித் தேடினேன். அப்பா அப்ப அங்கதான் நின்னார். தொறந்த மூடிக்குள்ள எட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், தேடாதே, வேற வாங்கிக்கோன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டார். கோயமுத்தூர் போய் உதிரி சாமான் கடையில வாங்கியாந்தேன். அதுதான் இப்ப என் பையில இருக்கறது. கடையில வாங்கினது. யாரும் என் கையில வெச்சுக் குடுத்ததில்லை.

பாகம் முடிஞ்ச அந்த வாரமே அப்பா கட்டலைத் தூக்கிக்கிட்டு என் தோட்டத்துக்கு வந்துட்டார். இளையவனோடதான் இருப்பார்னு ஊருல பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரியும் எதுக்கு வந்தார்னு. கட்டலை எங்க போட்டார், கெணத்துமேட்டைப் பார்த்த மாதிரி வாசல்ல போட்டார். விடிஞ்சா, எடுத்தாச்சாம்பார். என்னைப் பத்திக் கேக்கலை, இஞ்சின் ஓட ஆரம்பிச்சிருச்சான்னு கேக்கறார். எடுத்தாச்சுங்கப்பான்னா தலைய ஆட்டிக்குவார். அது ஓடறப்போ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே, ஒரு சிலிண்டர் சரியாப் பேசலை பாரும்பார். நான் மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தாலும் அந்தச் சிலிண்டர் பேசாததுதான் அவருக்குக் கவலை. நான் சோறு போட்டேன், மரகதம் வெந்நி வெச்சுக் குடுத்தா, கடைசில படுக்கையோட படுக்கையா ஆனப்போ மேலு காலு கழுவி விட்டது நான். அத்தனையும் அந்த இரும்புக்குப் பக்கத்துல இருக்கணும்னு வந்த மனுசனுக்கு. இரும்பு மேல ஒரு மனுசனுக்குப் பொறாமை வருமா. எனக்கு வந்துச்சு. சில நாள் வேணும்னே எடுக்காம விட்டிருவேன். எடுத்தாச்சாம்பார். இல்லீங்கப்பா, கோளாறும்பேன். சரி பரவால்லைன்னு திரும்பிப் படுத்துக்குவார். அதுவும் எரிச்சலா இருக்கும். அப்புறம் கரண்டு மோட்டார் போட்டோம். இஞ்சினைத் தார்ப்பாயில மூடி வெச்சாச்சு.

முத்தூன்னு சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அண்ணி. காப்பி டம்ளரோட கண்ணாடிக்குள்ள குனிஞ்சு பார்க்கறாங்க. ஏனுங்க இங்க உக்காந்திருக்கீங்க, வேர்க்கலையா. சும்மாதானுங்கண்ணி. காப்பிய வாங்கறப்போ தளும்பிச் சட்டையில ஒரு சொட்டு, பைக்குப் பக்கத்துல. அண்ணி சேலைத் தலைப்பால தொடைக்க வந்தாங்க, நான் நெஞ்சைப் பொத்திக்கிட்டேன். கூச்சம்னு நெனைச்சுக்கிட்டாங்க போல, சிரிச்சாங்க. உங்கண்ணன் ரெண்டு நாளாத் தூங்கவே இல்லீங்க, பொரண்டு பொரண்டு படுக்கறாரு, எந்திரிச்சு வந்து ஷெட்டுல உக்காந்துக்கறாருன்னாங்க. சந்தோசமுங்கன்னேன். சந்தோசமா என்னன்னு தெரியலீங்க, அலமாரியில எதையோ தேடி எடுத்தாரு, அதைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தாரு, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு, தம்பி குடுத்துட்டான், தம்பி குடுத்துட்டான்னு மட்டும் சொல்லிட்டிருந்தாருன்னாங்க. ஏன் அப்படிச் சொல்றார். கேலியா இருக்கும். பாரு, கேட்டதும் குடுத்துட்டான், இத்தனை வருஷம் முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சவன் ஒரு வார்த்தையில கவுந்துட்டான்னு இருக்கும். அண்ணி டம்ளரை வாங்கிட்டுப் போனாங்க. காப்பி என்ன ருசின்னு தெரியலை.

போதும். மாட்டிப்போடலாம். அறுபது தாண்டின ஆளு, பேரன் எடுத்தவன், திருட்டுப் பூனையாட்ட இங்க உக்காந்துக்கிட்டு. நாளைக்கு ஊருல, நாச்சிமுத்து அண்ணன் காருல இருந்து சாமான் எடுத்துட்டானாம்னு பேச்சு வந்தா மரகதம் எந்த மூஞ்சியோட விசேஷத்துக்குப் போவா. எறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். இஞ்சின் உக்காந்திருக்குது பாருங்க, அளவெடுத்துத் தச்ச சட்டையாட்டம். கெணத்துமேட்டுல இதுக்கு எங்க எடம் இருந்தது, சுத்தி நாலு பக்கமும் வெறும் வெளி. இங்க ஒரு விரலுக்கடை கூட மிச்சமில்லாம, இது இதுக்குத்தான்னு உக்காந்திருக்குது. பாய் தொடைச்சு விட்டதுல நம்பர் தெளிவாத் தெரியுது, நான் எத்தனையோ தடவை கிரீஸ் பூசி மறைச்ச நம்பர். எங்கிட்ட இருந்தப்போ நீ இவ்வளவு அழகா இருந்ததே இல்லையே, படுபாவின்னு சொன்னேன். வாய்விட்டே சொல்லிட்டேன். மூடியோட கிளிப்புல விரலை வெச்சேன். அப்ப அந்த அம்மை போட்ட நாளு, வெள்ளனயே பல்லு வெளக்கின வாயோட மணம், அப்படியே மூக்குக்கு வந்துச்சு. நீட்டின ரெண்டு கை. தாண்டிப் போன வேட்டி. விரலு கிளிப்பை விட்டிருச்சு. பொறகு மறுபடி வெச்சேன். சரி மாட்டு, மாட்டித் தொலைன்னு நெனைக்கறப்போ பாயோட செருப்புச் சத்தம். பானெட்டை எறக்கிட்டேன். பாய் வந்து, என்னங்க ஆசை தீரலையாட்டன்னு சிரிச்சார். தீரலீங்கன்னேன். முடிஞ்சு போச்சுங்களா ராகுன்னார். அதே நேரம் அண்ணன் வந்துட்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தியில பட்டை. பொறவால அண்ணி எலுமிச்சம்பழத்தோட, சம்பந்தி கற்பூரத்தட்டோட. அண்ணன் நடந்து வர்றதப் பார்த்தா அப்பாவே வர்ற மாதிரி இருக்குது, அந்த நடையக்கூட அவரே எடுத்துக்கிட்டார், பாகத்துல எழுதாமலே. என் நெஞ்சு அடிக்கறது பைக்குள்ள இருக்கறதுக்கே கேட்டிருக்கும். நேராப் போய் சீட்டுல உக்காருவார்னு பார்த்தா உக்காரலை. பாய், ஒரு நிமிஷம், ஒரு சாமான் மாத்தணும்னார். நீங்க ஏனுங்க, எங்கிட்டச் சொல்லுங்கன்னு பாய் வந்தார். வேண்டாம், இதை நான்தான் செய்யணும்னு அவரே பானெட்டைத் தூக்கி, அவரே கிளிப்பைத் தள்ளி, அவரே மூடியைத் தொறந்தார். அண்ணனோட கை அப்படியே நின்னுச்சு. தொறந்த மூடிக்குள்ள பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், அப்பா அன்னைக்குப் பார்த்த மாதிரியே. தலை மட்டும் மெதுவாத் திரும்புச்சு. பாயை இல்லை, வேற யாரையும் இல்லை, என்னைப் பார்த்தார். நான் அவர் நெத்திப் பட்டையைப் பார்த்தேன். அண்ணன் தன் சட்டைப் பையில கைய விட்டு மடிச்ச கைக்குட்டை ஒண்ணை எடுத்தார். பிரிச்சார். கறுப்புத் துண்டு, பித்தளை முனை. ஒரு ஓரம் செதறியிருந்தது.

அதை மாட்டினார். மூடினார். கிளிப்பு ரெண்டும் டக்கு டக்குன்னு விழுந்துச்சு. என்னங்க மாத்துனீங்கன்னார் பாய். ரோட்டருங்க, அப்பா வெச்சிருந்தது. அட, அப்ப உள்ள ஒண்ணு இருந்ததுங்களே, காலைல அதுலதானே ஓட்டினோம், அது எங்கீங்க. அதை நான் எடுத்து வெச்சுட்டேன்னார் அண்ணன். கண்ணைக்கூடச் சிமிட்டலை. ஏறி உக்காந்தார், அண்ணி சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சாங்க, சாவி திரும்புச்சு, ஒரே மூச்சுல புடிச்சுக்கிச்சு. எல்லாரும் கை தட்டறாங்க. நானும் தட்டினேன். எனக்கு அப்ப சத்தியமா என்ன தோணுச்சுன்னா, வெக்கமில்லை, பயமில்லை, திருட்டுலகூட இவர் எனக்கு முந்தியே பண்ணி முடிச்சிருக்கார், நான் இன்னைக்குச் செஞ்சதை இவர் அன்னைக்கே செஞ்சாச்சு, அதுலயும் நான் இளையவன்தான்னு தோணுச்சு. நான் வழக்கப்படி பின்கதவைத் தொறந்தேன். முன்னால வாடான்னார். வந்தேன். எலுமிச்சம்பழம் நசுங்குச்சு, வண்டி நகந்துச்சு. முன்சீட்டுல இருந்து பார்த்தா ரோடு பக்கத்துல வந்து நிக்குது, யாரோட பொடனியும் குறுக்க இல்லை. இதை இவர் சின்ன வயசு பூரா பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்.

அண்ணன் கோயில் திருப்பத்துல வண்டியைத் திருப்பினார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார். அன்னைக்கு இஞ்சினை எறக்கறப்போ நான்தான் எடுத்துக்கிட்டேன் முத்து. உன் கெணத்துமேட்டுல அது ஓடக் கூடாதுன்னு. நீ என்னடான்னா போய் வேற வாங்கியாந்துட்டே. ஓடுதுன்னு ஆளு வந்து சொன்னான். அந்த வாரமே அப்பாவும் கட்டலைத் தூக்கிக்கிட்டு உங்கிட்ட வந்துட்டார். எத்தனை தடவை வந்து கூப்பிட்டேன், ஒரு ராத்திரி எங்கூட்டுல தங்கினாரா, சொல்லு. குரல் ஒடஞ்சு வருது. இஞ்சினுக்காக வந்தாருங்கண்ணா, எனக்காக எங்க வந்தார்னேன். அண்ணன் பிரேக்கைப் போட்டு ஓரமா நிறுத்திட்டார். அறிவு கெட்டவனே, நீ கரண்டு மோட்டார் போட்டுட்டு இஞ்சினை மூடி வெச்சியே, அதுக்கப்புறமும் எத்தனை வருஷம் அங்க இருந்தார். எதைக் கேட்டுக்கிட்டு இருந்தார்.

நான் அதை யோசிச்சதே இல்லை. தார்ப்பாய் போட்டு மூடினப்புறமும் கட்டல் அங்கதான் கெடந்தது. எடுத்தாச்சாங்கற கேள்வி நின்னு போயிருந்தது, அதுக்குப் பதிலா விடிஞ்சா, எந்திரிச்சாச்சாம்பார். நான் வாசல்ல வந்து நின்னாத் தலைய ஆட்டிக்குவார். எதோ பழக்க தோசத்துல கேக்கறார்னு விட்டுட்டேன். இதை நான் தெரிஞ்சுக்கறதுக்கும் இவர் வாயில இருந்துதான் வரணுமா. சந்தோசப்படறதா, இவரைக் கழுத்தப் புடிக்கறதான்னு தெரியலை. கையை மடியில வெச்சுக்கிட்டேன். பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டினோம், திரும்பினோம்.

வீட்டு வாசல்ல நிறுத்தினதும் அண்ணன் எறங்கிப் பானெட்டைத் தூக்கினார். ரோட்டரைக் கழட்டினார். வேட்டித் தலைப்புல தொடைச்சார். எல்லாம் அப்பா மாதிரியே. எங்கிட்ட வந்தார். நான் கையை நீட்டலை. நீட்டி நின்னவன் நீட்டினது போதும். அவரே என் சட்டைப் பையைத் தொறந்து உள்ள போட்டார். டக்குன்னு ஒரு சத்தம், ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சு. அவர் விரலு பைக்குள்ளயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. ரெண்டையும் தொட்டுப் பார்த்துச்சு. அப்புறம் கையை எடுத்துக்கிட்டார். ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும், வண்டி எடுக்கணும்னா நான் வந்து கேட்டு வாங்கிக்கறேன்னார். நாளைக்கு அவங்க வர்றாங்க, வெள்ளன வர்றேன். சரின்னு தலைய ஆட்டினேன். பஸ்ல வர்றப்போ பைக்குள்ள ஒண்ணு சூடா இருந்தது, ஒண்ணு ஆறிக் கெடந்தது. இத்தனையும் மரகதத்துக்குச் சொன்னா அழுவா. தலைகாணிக்கடியில வெச்சுத்தான் படுக்கணும். விடிஞ்சா அண்ணன் வருவார், கட்டல்கிட்ட நிப்பார், முத்து, அதைக் குடுடாம்பார். ரெண்டு தடவை கேக்கட்டும்.